ஜெயிக்காதவருக்குப் போடும் ஓட்டு: கடைக்கு வருகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பாஸ்புக், படகு லைசென்ஸ் என்று நகல் எடுக்க வருகிறவர்கள், தேர்தல் நெருங்கினால் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். பேரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு யாருக்குப் போடுவது என்பதில் வந்து நிற்கும். அதிலும் ஒரே கேள்விதான் பல வேஷத்தில் வரும்: எனக்குப் பிடித்தவர் ஒருத்தர் நிற்கிறார், ஆனால் அவர் ஜெயிக்க மாட்டார், என்ன செய்ய? தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதிவிட்டேன். யாருக்குப் போடுங்கள் என்று இதில் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே போட்டால் அந்த ஓட்டு வீண்தானே?

எதை வீண் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முடிவை மாற்றாத ஓட்டு வீண் என்றால், ஜெயித்தவருக்கு விழுந்ததிலும் ஒரு பகுதி வீண்தான். நம் ராமநாதபுரம் எம்.பி. தொகுதியில் 2024-ல் நவாஸ் கனி 5,09,664 ஓட்டு வாங்கி 1,66,782 வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்குப் போட்டவர்களில் ஒரு லட்சம் பேர் அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அவர்தான் எம்.பி. அந்த ஒரு லட்சம் பேரைப் பார்த்து யாராவது "உன் ஓட்டு வீணாப் போச்சே" என்று சொன்னார்களா? தோற்றவருக்குப் போட்டவனைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

நம் ஆட்கள் ஓட்டைப் பந்தயம் மாதிரி பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் படுகிறது. ரிசல்ட் அன்றைக்கு "நான் போட்ட ஆள்தான் வந்திருக்கான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. பந்தயத்தில் பணம் கட்டினால் ஜெயிக்கிற மாட்டுக்குக் கட்ட வேண்டும், சரி. ஓட்டில் ஜெயித்த பக்கம் நின்றவனுக்கு யாரும் பங்கு பிரித்துத் தருவதில்லை. (முன்கூட்டியே தந்துவிடுகிறார்களே என்றால், அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.)

இதற்காக, யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அடுத்த கேள்வி அதுதான்.

நான் இவருக்குப் போடப்போய் ஓட்டுப் பிரிந்து, வரவே கூடாதவர் வந்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. "மனசாட்சிப்படி போடுங்கள்" என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம் நாட்டுச் சட்டப்படி எல்லாரையும் விட ஒரு ஓட்டு கூட வாங்கியவர் ஜெயித்தவர், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. அதனால் ஒரே மாதிரி எண்ணம் உள்ளவர்கள் இரண்டாகப் பிரிந்தால் மூன்றாவது ஆள் உள்ளே நுழைந்துவிடலாம். அமெரிக்காவில் 2000-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலை இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். முடிவைத் தீர்மானித்த ஃப்ளோரிடா மாநிலத்தில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், அங்கே மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நாடர் வாங்கியது 97 ஆயிரத்துக்கும் மேல். தோற்ற அல் கோரின் ஆட்கள் நாடரை ஆயுளுக்கும் திட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, அதன்மேல் நடந்த வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137. நமக்கு அடுத்த விருதுநகர் எம்.பி. தொகுதியில் 2024-ல் 4,379. ராஜஸ்தானில் 2008-ல் நாத்துவாரா தொகுதியில் மாநில காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் இருந்து, முன்னால் ஓடுகிற இருவரில் ஒருவர் வந்தால் உங்கள் பிழைப்புக்கே கேடு என்று உண்மையாகவே நினைத்தால், மனதுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு அந்த இன்னொருவருக்குப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குக் கோழைத்தனம் என்று பேர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் எல்லாத் தேர்தலிலும், எல்லாத் தொகுதியிலும் "ஓட்டைப் பிரிக்காதே" என்று வருகிறார்களே, அங்கேதான் நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மறுபடியும் 2024-ல் நம் தொகுதி. மூன்றாவது வந்தவருக்கும் நான்காவது வந்தவருக்கும் ஆளுக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இருவரில் ஒருவருடைய ஓட்டு முழுக்க இரண்டாமவருக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. இருவருக்கும் விழுந்ததில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே பக்கம் போயிருந்தால்தான் முதலிடத்தைத் தாண்டியிருக்கும். நடக்கிற காரியமா? மூன்றாமவருக்குப் போட்டவர்கள் எல்லாரும், அவர் இல்லாவிட்டால் நேராக இரண்டாமவருக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் முதலாமவருக்கே போட்டிருப்பார்கள், சிலர் பூத் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஃப்ளோரிடா கதையிலும் இதே குறைதான்.

ஆகவே என் வழி இது. முன்னால் இருக்கும் இருவருக்கும் போட்டி கழுத்துப்பிடியா, அதாவது கொஞ்ச ஓட்டில் முடிவாகிற இழுபறியா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் உங்கள் ஆளுக்கே போடுங்கள், குற்ற உணர்ச்சி தேவையில்லை. கழுத்துப்பிடிதான் என்றால், அந்த இருவருக்கும் நடுவில் உங்களைப் பொறுத்தவரை நிஜமான வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று வருஷம் முழுக்கத் திட்டிவிட்டுத் தேர்தலன்று மட்டும் ஒருவருக்குப் பயந்து இன்னொருவருக்குப் போடுவது என்ன கணக்கு?

கழுத்துப்பிடியா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

டீக்கடையில் தெரியாது. யார் லாரியில் ஆள் ஏற்றி வந்தார்கள், யார் கூட்டத்தில் நாற்காலி நிறைந்தது என்பதிலும் தெரியாது. வாட்ஸாப்பில் வருகிற "உளவுத்துறை சர்வே"க்களை நானே நாலு விதமாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நாலிலும் நாலு பேர் ஜெயித்தார்கள்.

பழைய முடிவுகளைப் பாருங்கள். படிவம் 20 என்று ஒன்று உண்டு, எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று வரிவரியாக இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். கடைசி இரண்டு மூன்று தேர்தலுக்கு எடுத்து உங்கள் ஊர் பூத்தையும் தொகுதியின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பிடி கிடைக்கும். நடுவில் கூட்டணி மாறியிருந்தால் அதற்குத் தக்கபடி கூட்டிக் கழிக்க வேண்டும்.

ஆனாலும் இதை வேதவாக்காக எடுக்காதீர்கள். பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற ஓ. பன்னீர்செல்வம் 3,42,882 ஓட்டு வாங்கி இரண்டாவது வருவார், இரட்டை இலைக்கு இங்கே டெபாசிட் போகும் என்று 2024-க்கு ஐந்து வருஷம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். ஒருவர் ஜெயிக்க மாட்டார் என்பது பல நேரம் எல்லாரும் சேர்ந்து சொல்லிச் சொல்லியே உண்டாக்கிய சங்கதி. உங்களுக்கு அவரைப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பிடிக்கும், மற்றவன் போட மாட்டான் என்று நினைத்து இரண்டு பேரும் போடாமல் வந்துவிடுவீர்கள்.

ஜெயிக்கவே முடியாது என்று சொல்லப்பட்டவர் ஜெயித்தது உண்டா?

நம் மண்ணிலேயே உண்டு. 1937-ல் ராமநாதபுரம் ராஜாவை எதிர்த்து காங்கிரஸ் சார்பில் நின்று ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். ராஜாவின் சீமையில் ராஜாவையே தோற்கடிப்பது என்றால் அந்தக் காலத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள், அதுவும் சொத்து, வரி, படிப்பு பார்த்து ஓட்டுரிமை கொடுத்த காலம். அப்புறம் 1967-ல் விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார்.

ஆனால் 1967-ஐ ஒருநாள் அதிசயமாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தி.மு.க. முதலில் சட்டமன்றத் தேர்தலில் இறங்கியது 1957-ல், கிடைத்தது 15 இடம். 1962-ல் 50. அதற்கப்புறம்தான் 137 இடமும் ஆட்சியும். 1957-ல் தோற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்களையும் அன்றைக்கு யாராவது "வீண்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

டெபாசிட் போவது என்றால் என்ன?

வேட்புமனுவோடு கட்டுகிற பணம். எம்.பி. தேர்தலுக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால், தோற்றாலும் திருப்பித் தருவார்கள். 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். உங்கள் ஆள் 29,000-ல் நிற்கிறார் என்றால் உங்கள் தெருவுக்கே அதில் பொறுப்பு உண்டு. கட்சிக்காரர்களுக்குப் பணத்தைவிட அந்த மானம்தான் பெரிசு.

டெபாசிட் தவிர, தோற்றவருக்கு விழுந்த ஓட்டு வேறு எதற்காவது உதவுமா?

உதவும், கட்சி வேட்பாளர் என்றால் நிறையவே. தேர்தல் ஆணையம் ஒரு கட்சியை மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப் பல வழி வைத்திருக்கிறது. அதில் ஒன்று, ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் மாநிலத்தில் செல்லுபடியான ஓட்டில் 8 சதவீதம் வாங்கினால் போதும் என்பது. 2011-ல் சேர்த்தது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும், முந்திக்கொண்டவருக்குப் போய்விடும். நாம் தமிழர் கட்சிக்கு 2024-ல் இதுதான் நடந்தது. இரண்டு தேர்தலில் நின்ற கரும்பு விவசாயி சின்னம் கர்நாடகத்தைச் சேர்ந்த வேறொரு கட்சிக்குப் போக, இவர்கள் மைக் சின்னத்தில் நின்றார்கள். 2016-ல் 1 சதவீதம் சொச்சம், 2021-ல் ஆறரைக்கு மேல், 2024-ல் 8-ஐத் தாண்டி, ஒரு இடத்திலும் ஜெயிக்காமலே அங்கீகாரம் வாங்கினார்கள். அவர்கள் அரசியல் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. தோற்ற ஓட்டுகளைக் கூட்டினால் ஒரு தொகை வருகிறது, அதைக் காட்டத்தான் சொன்னேன்.

சுயேச்சைக்குப் போட்ட ஓட்டுக்கு இந்தப் பலன் கிடையாது. ஆனால் அடுத்த தேர்தலுக்கு ஆள் தேடுகிற பெரிய கட்சிக்காரர்கள் படிவம் 20-ஐத்தான் முதலில் விரித்து வைத்துக்கொள்வார்கள். மீன்பிடித் துறைமுகம் வேண்டும் என்று மட்டுமே பேசிய ஒருவருக்குக் கடலோர பூத்துகளில் மட்டும் நாலாயிரம் விழுந்திருந்தால் அது அவர்கள் கண்ணில் படும்.

நான் போட்ட சின்னக் கட்சி நாளைக்குப் பெரிய கட்சியோடு கூட்டணி சேர்ந்துவிட்டால்?

சேரலாம். தே.மு.தி.க. 2006-ல் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர் மட்டும். 2011-ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. 2006-ல் இரண்டு கழகமும் வேண்டாம் என்று போட்டவருக்கு அது துரோகமாகத் தெரிந்திருக்கும், இந்தக் கட்சி சட்டமன்றத்துக்குள் போனால் போதும் என்று போட்டவருக்குச் சந்தோஷம். நீங்கள் எந்த ரகம் என்று போடும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில் நோட்டாவில் குத்திவிடலாமா?

யாருமே பிடிக்கவில்லை என்றால் குத்துங்கள். ஒருவரைப் பிடித்திருக்கும்போது எதற்கு நோட்டா? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் வந்தது அது. நோட்டா எவ்வளவு வாங்கினாலும் அடுத்து அதிகம் வாங்கிய மனிதர் ஜெயித்தவர்தான். இந்தூரில் 2024-ல் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் விழுந்தது, எம்.பி. ஆனவர் வழக்கம்போல் ஆனார். டெபாசிட் கணக்கிலும் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. யார் மேல் கோபம், என்ன வேண்டும் என்று நோட்டாவால் சொல்ல முடியாது. தோற்கப்போகிறவர் என்றாலும் அவருக்கு ஒரு முகமும் நாலு கோரிக்கையும் இருக்கிறதே.

ஊர்க்கூட்டத்தில் ஒருவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. நான் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். எந்த ஊர் என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. கடற்கரை ஊர்களில் கட்டுப்பாடு என்பது சும்மா இல்லை. கடலில் ஒரு ஆபத்து என்றால் தேடிப் போகிறதும் அந்த ஊர்தான், படகு பிடிபட்டால் சாலையில் உட்கார்கிறதும் அந்த ஊர்தான். அதனால் ஊர்ப்பேச்சைத் தட்டுவது நகரத்தில் இருப்பவர் நினைப்பது போல் லேசான விஷயம் இல்லை.

நீங்கள் பட்டன் அழுத்தும்போது யாருக்கும் தெரியாது. பக்கத்தில், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு 7 விநாடி தெரியும், வெட்டுப்பட்டு உள்ளே விழும், அதில் உங்கள் பேரோ நம்பரோ இருக்காது. யாருக்குப் போட்டாய் என்று சொல்லச்சொல்லி கோர்ட்டில்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மெஷினுக்குள் கேமரா இருக்கிறது, எல்லாம் பதிவாகிறது என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பூத் வாரியான எண்ணிக்கை வெளியே வரும். சீட்டு முறை இருந்த காலத்தில் பல பெட்டிகளின் சீட்டைக் கலந்து எண்ணினார்கள், மெஷின் வந்தபின் அந்தக் கலப்பு போய்விட்டது. பல பூத் மெஷின்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008-ல் யோசனை சொன்னது, இன்னும் வரவில்லை. ஆக, உங்கள் பூத்தில் ஊர் சொன்னபடி 800, மாற்றி 40 என்றால் நாற்பது பேர் மாற்றிப் போட்டது தெரியும். எந்த நாற்பது என்று தெரியாது. இரண்டோ மூன்றோதான் என்றால் ஊருக்குள் சும்மா யார்மேலாவது கை நீட்டுவார்கள், அது உங்கள் மேலேயே இருக்க வேண்டும் என்றில்லை. சிரிக்காதீர்கள், ஒரு ஊரில் சந்தேகப்பட்டுத் திட்டு வாங்கியவர் அன்றைக்கு ஓட்டே போடவில்லை.

ஊரைவிட்டு, சாதியைவிட்டு ஒதுக்குவோம் என்று வேட்பாளரோ அவர் ஆட்களோ மிரட்டினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அது பேர் சொல்லியே குறிப்பிடப்பட்ட முறைகேடு. புகார் கொடுப்பதா என்பது அவரவர் நிலைமை. வாயைத் திறக்காமல் நினைத்ததைக் குத்திவிட்டு வருவதுதான் நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்வது.

காசு வாங்கிவிட்டேன். இப்போது மாற்றிப் போட்டால் பாவமா?

கொடுத்ததும் வாங்கியதும் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை ஜெயில் உண்டு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள், உப்பைத் தின்றுவிட்டு எப்படி என்று கேட்கிறீர்கள். திருட்டுப் பொருளை வாங்கியவன் திருடனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமா? இரண்டு பக்கமும் வாங்கிய வீடு எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும்? வாங்காமல் இருப்பது உத்தமம், வாங்கிவிட்ட வீட்டுக்கு என் பதில், பாவம் வாங்கியதோடு முடிந்தது, இன்னொன்றை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

என் ஆளின் சின்னம் எங்கே இருக்கும்?

மேலே தேடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பேர் அகரவரிசை. ஒரு பெட்டியில் 16 பட்டன்தான். 2024-ல் நம் தொகுதியில் இருபதுக்கு மேல் நின்றதால் இரண்டு பெட்டி வைத்தார்கள், அதில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பேரில் மட்டும் பல பேர். படமும் பேருக்குப் பக்கத்தில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். சின்னம் புதிது என்றால் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குப் படத்தை முதல்நாளே காட்டிவிடுங்கள். காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொழிலுக்குப் போகிற நாள், அல்லது வெளிநாட்டில் இருக்கிறேன். இதற்காக மெனக்கெட்டு வர வேண்டுமா?

விசைப்படகுக்காரர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், 2019-லும் 2024-லும் ஓட்டுப்பதிவு அதற்குள்தான் வந்தது, கரையில்தான் கிடந்தோம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் அன்றைக்கும் சிலர் இறங்கிவிடுவார்கள். பூத் காலை 7 மணிக்குத் திறக்கும், போட்டுவிட்டு இறங்குங்கள், அல்லது மாலை மூடுவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் விடுவார்கள். பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கும் இதேதான். ஒருநாள் பாடு போகுமே என்றால், போகும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் துபாய், மலேசியா என்று இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு இன்னும் இல்லை. படிவம் 6ஏ போட்டுப் பாஸ்போர்ட் முகவரியில் பேர் சேர்க்கலாம், ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். தோற்கப்போகிறவருக்காக டிக்கெட் போட்டு வா என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. லீவு அந்த நேரத்தில் வந்தால் பாருங்கள்.

முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று போட முடிந்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

அதேதான். எதிர்க்கரையில் அப்படித்தான் போடுகிறார்கள். இலங்கை ஜனாதிபதி தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பம் இருக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பார்கள். பிடித்தவருக்கு 1, பயத்துக்கு 2. முதல் தடவையாக 2024-ல் அந்த இரண்டாம் எண்ணிக்கை வரை போனது, அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார். அவரே 2019-ல் நின்று வாங்கியது 3 சதவீதம் சொச்சம்! தலைமன்னார் நமக்குக் கூப்பிடு தூரம், இந்தக் கதை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை, படகு பிடித்த செய்தி மட்டும் உடனே தெரிகிறது.

நம் நாட்டிலும் ஜனாதிபதி தேர்தலுக்கும் ராஜ்ய சபாவுக்கும் விருப்ப வரிசைதான், 1969-ல் வி.வி. கிரி ஜெயித்தது இரண்டாம் விருப்ப ஓட்டையும் எண்ணிய பிறகு. எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குக் கொடுத்த வசதியை நமக்குக் கொடுக்கவில்லை.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் இதே கணக்கா?

இல்லை. வார்டில் நிற்பவர் மச்சான், எதிர்த்து நிற்பவர் சித்தப்பா மகன். கட்சிச் சின்னம் வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கிடையாது. சில நூறு ஓட்டுதான் மொத்தமே, ஐந்தும் பத்தும் முடிவை மாற்றும், சமமாக வந்தால் குலுக்கல். அங்கே கணக்குப் பார்த்துப் போடுங்கள்.

நீங்கள் இப்படிப் போட்டது உண்டா? என்ன ஆனது?

போட்டது மட்டுமில்லை, ஒரு சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை ஒருவருக்கு பூத் ஏஜெண்டாகவே உட்கார்ந்தேன். வக்கீல், பிடிபட்ட படகு கேஸ்களுக்குக் காசு வாங்காமல் அலைந்த மனுஷன். ஜெயிக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு மாதிரி ஓட்டு போட்டுப் பார்த்ததிலிருந்து சாயங்காலம் மெஷினுக்கு சீல் வைக்கும் வரை இருந்தேன், மத்தியானம் எனக்கு மட்டும் பிரியாணி வரவில்லை, மற்ற ஏஜெண்டுகள்தான் பங்கு கொடுத்தார்கள்.

ரிசல்ட் வந்து படிவம் 20-ஐ எடுத்துப் பார்த்தால் எங்கள் பூத்தில் அவருக்கு 11. எங்கள் வீட்டில் நான், மனைவி, அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று ஐந்து பேர், வக்கீலின் சொந்தம் அந்த பூத்தில் ஆறு பேர். கணக்கு நேராக வந்துவிட்டது, வேறு ஒருத்தர்கூடப் போடவில்லை என்று மனசு விட்டுப்போய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், கடைக்கு வந்து மெதுவான குரலில் "அண்ணே, நான் உங்க ஆளுக்குத்தான் போட்டேன்" என்றார்கள். அதில் ஒருவர் எதிர்க்கட்சி ஏஜெண்டின் சம்சாரம். பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமே இல்லை. அப்படியானால் பதினொன்றில் மூன்று எங்கள் பக்கமே குறைகிறது.

தம்பியிடம் கேட்டேன், வலையைத் தைத்துக்கொண்டே கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். கடைசியில் அம்மாவிடம் போய், "நீங்களாவது நான் சொன்ன சின்னத்துல போட்டீங்களாம்மா?" என்றேன்.

"கீழதான்டா தேடினேன், உன் ஆளு படத்தைக்கூடப் பாத்தேன்" என்றார். "விரலு பழகின விரலு. அதுவா மேல போயிருச்சு."